காடிக்குள் ஒரு சிவப்புக் கோடு

சட்டக்காரர், 1946–2018. படங்களுக்குச் சட்டம் போடுவது தொழில். எதைச் செய்வதற்கும் ஒரு முறை உண்டென்று சாதிப்பது குணம். இவ்விரண்டில் எதனால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பதில் தெருவில் இரு கட்சி இருந்தது. பக்கத்துக் கடையில் பூட்டுப் பழுது பார்த்தவர், "நீங்க சட்டம் போடுங்க, மீறுறவனுக்கு நான் பூட்டு போடுறேன்" என்று ஆண்டுக்கணக்காக ஒரே வேடிக்கையைச் சொல்லிவந்தார். சட்டக்காரரும் அதை முதன்முறை கேட்பவரைப் போலவே ஒவ்வொரு முறையும் சிரித்துவைத்தார்.

கடை தெருவைப் பார்த்திருந்தது. வீடு அதன் முதுகோடு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒற்றைக் கதவு. பக்கச் சந்திலும் வீட்டுக்கு ஒரு வாசல் உண்டு. அது விருந்தாளிகளுக்கும் மீட்டர் பார்க்க வருபவருக்கும் உரியது. சட்டக்காரர் மாலையில் ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, நாள் முழுதும் காதிடுக்கில் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துக் கதவுநிலையின் மேற்கட்டையில் வைத்துவிட்டு, அந்த நடுக்கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வருவார். பென்சில் மேலே போய்விட்டால் கடை முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு எவரேனும் ஷட்டரைத் தட்டினால், அவர் மனைவி இருந்த இடத்திலிருந்தே, "கடைக்காரர் போயிட்டாருங்க, நாளைக்கு வாங்க" என்று குரல் கொடுப்பாள். போய்விட்ட கடைக்காரரோ அவளுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஒளிவு மறைவில்லாத அவர்களுடைய குடித்தனத்தில் இருந்த ஒரே திருட்டுத்தனம் அதுதான்.

தொழிலில் மனைவிக்கும் சரிபாதி உண்டு. மரம் அவர் கை, அட்டை அவள் கை. படத்துக்கும் சட்டத்துக்கும் இடையே வைக்கும் கனத்த அட்டையில், படம் தெரியுமளவுக்குச் சாளரம் வெட்டுவது அவள் வேலை. நான்கு பக்கமும் கத்தி ஓடி முடிந்ததும் அட்டையின் நடுப்பகுதி தானே கழன்று விழும். விழுந்த துண்டுக்கு அவர்கள் வீட்டில் வயிறு என்று பெயர். சாம்பல் வயிறு, நீல வயிறு, கறுப்பு வயிறு என்று நிறம் பிரித்து அவள் அடுக்கிவைப்பாள். இதையெல்லாம் எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்டால், "வயிறாச்சே, என்னைக்காவது கேக்கும்" என்பாள்.

2013ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவள் மூளையில் ஒரு நாளம் அடைத்துக்கொண்டது. கை கால் மீண்டன. பேச்சும் பெரும்பாலும் மீண்டது. எது மீளவில்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் தெரியவந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த சில நாள்களில், நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்து, சாய்த்துவைத்திருந்த கண்ணாடித் தகடுகளின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கத் தொடங்கினாள். இரத்தம் வந்ததும் விரலை எடுத்து வியப்போடு பார்ப்பாள், மறுபடியும் ஓட்டுவாள். வேலை நிமித்தம் வெளியூரில் குடியிருந்த மகள் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் அந்தக் கதவே இருக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சட்டக்காரர் கதவைப் பூட்டினார். கடைப் பக்கத்தில் மாதிரிப் பலகையைக் கொண்டுவந்து சாத்தினார். விதவிதமான சட்டங்களின் மூலைத்துண்டுகள் வரிசையாகத் தொங்கும் பலகை அது. கதவையும் நிலையையும் முழுதாக விழுங்கிக்கொண்டது. வீட்டுப் பக்கத்தில், சுவருக்கு அடித்திருந்த வெள்ளையையே கதவுக்கும் அடித்தார். ஒரு கதவு இல்லையென்று ஆகிவிட்டால் அது இல்லாதது போலவே இருக்க வேண்டும் என்பது அவருடைய முறை. அன்று மாலை ஷட்டரை இறக்கிவிட்டுச் சந்தைச் சுற்றிக்கொண்டு, விருந்தாளிகளின் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். பென்சில் காதிலேயே இருந்தது. எடுத்துவைப்பதற்கு அங்கே மேற்கட்டை இல்லை.

அவரைக் கண்டதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்கண்ணே. கடைய மூடிட்டீங்களா? எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையே."

சட்டக்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழைய வேடிக்கையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறாள் என்று எண்ணி, அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகத் தள்ளி நின்றாள். பிறகு தன் நீல மெத்தை நாற்காலியில் போய் அமர்ந்து, எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். ஒருவர் வருவதற்காக வழி பார்ப்பவளின் முகம் அது. அங்கேதான் வழியே இல்லை.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. கடைக்கார அண்ணன் சமைத்தால் சாப்பிட்டாள். மருந்து கொடுத்தால் விழுங்கினாள். தலைவாரிவிட்டால் கூச்சத்தோடு குனிந்துகொண்டாள். பொழுது சாயும்போது மட்டும், "நீங்க கெளம்புங்கண்ணே, உங்க வீட்ல தேடுவாங்க" என்பாள். அவரும் எழுந்து சந்து வழியே போய், மூடிய கடைக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் கண்ணயர்ந்த பின்னர்தான் திரும்பி வருவார். தம் வீட்டுக்குத் தாமே ஒளிந்து வர நேர்ந்ததை அவர் எவரிடமும் சொல்லவில்லை. தம்மை அவள் ஒரு முறையாவது தன் கணவராக அறிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மறு ஆண்டு அவள் வயிறுகளைக் கேட்டாள். அவர் அடுக்கோடு கொண்டுவந்து கொடுத்தார். பசையும் வெள்ளை அட்டையும் கொடுத்தார். கத்தி மட்டும் கொடுக்கவில்லை. வெட்ட வேண்டியதை அவரிடமே சொல்லி வெட்டி வாங்கிக்கொண்டாள். வெள்ளை அட்டையின் கீழ்ப்பாதியில் பெரிய சாம்பல் செவ்வகம். அதற்கு மேலே மங்கிய மஞ்சளில் இன்னொன்று. மஞ்சளுக்குள் சின்னஞ்சிறு நீலச் சதுரம். சாம்பலும் மஞ்சளும் கூடும் இடத்தில் கறுப்பாக நெட்டுக்குத்தாய் ஒரு துண்டு. அவ்வளவுதான் படம். ஓரம் எதுவும் பிசிறவில்லை. எதுவும் எதன்மீதும் ஏறவில்லை. நோயில் விழுந்து எழுந்த ஒருத்தியின் வேலை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

சட்டக்காரர் அதற்கு ஒரு சட்டம் போட்டார். அவளோடு பேசுவதற்கு அதைவிட நல்ல மொழி அவருக்கு வாய்க்கவில்லை. இருப்பதிலேயே நல்ல மரத்தை எடுத்து, மூலைகள் மயிரிழையும் தெரியாமல் பொருந்தும்படி இழைத்து, கண்ணாடி பதித்து, அவள் மடியில் வைத்தார். அவள் நெடுநேரம் பார்த்தாள். சட்டத்தின் இடப்பக்க மரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். எதையோ கீழே தவறவிட்டவளைப் போலத் தரையையும் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா அவரைக் காணோமே, அண்ணே. இங்கதான நின்னாரு?"

எங்கே என்று கேட்டார். அவள் மரத்தையே காட்டினாள். நோயின் பேச்சு என்று அவர் விட்டுவிட்டார்.

அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. எல்லாம் அதே வடிவங்கள். கறுப்புத் துண்டு மட்டும் வரவரச் சற்றுப் பெரிதாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் சட்டம் போட்டார். ஒவ்வொன்றிலும் அவள் இடப்பக்க மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, காணோம் என்றாள். கடைச் சுவரில் அவற்றை வரிசையாக மாட்டி, வேலைக்கு நடுவே நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பது சட்டக்காரருக்கு வழக்கமாகிப்போனது. ஒரு படத்தைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார். நீலச் சதுரம் நாள்காட்டியில் ஏதோ ஒரு தேதியோ என்று குழம்பினார். கறுப்பு ஓர் எழுத்தின் காலோ என்று யோசித்தார். மகள் தொலைபேசியில், "அப்பா, அம்மா ஏதோ பொழுதுபோக்குக்கு ஒட்டுறாங்க. நீங்க அதுல அர்த்தம் தேடி மண்டைய ஒடச்சுக்காதீங்க" என்றாள். பூட்டுக்காரர் வந்து பார்த்து, "எனக்கென்னவோ நாலு பூட்டு மாதிரி தெரியுது. உங்களுக்கு நாலு சட்டம் மாதிரி தெரியும். அவங்கவங்க பாடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

2016இன் நடுவில், நகரத்தில் ஓவியக்கூடம் நடத்திய ஓர் அம்மையார், கண்காட்சிப் படங்களைச் சட்டம் போடக் கொடுக்க வந்தார். தாம் கொண்டுவந்த படங்களை மேசையில் வைத்தவர், சுவரைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்தார். யார் செய்தது என்று விசாரித்தார், தெரிந்துகொண்டார். இதற்கு என்ன பொருள் என்று சட்டக்காரர் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. நோய் என்றும் சொல்லவில்லை.

"அர்த்தத்தைத் தேடாதீங்க ஐயா. எடையைப் பாருங்க. எது எதை இழுக்குது, எது எதைத் தள்ளுதுன்னு பாருங்க. இந்த மாதிரிப் படங்கள் அப்படித்தான் பேசும்."

எடை என்றது சட்டக்காரருக்குச் சட்டென்று விளங்கியது. ஒற்றை ஆணியில் படம் மாட்டிச் சமன் பார்ப்பது அவர் அன்றாட வேலை. அவ்வம்மையார் படங்களுக்கு முன்னால் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு, தமக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்பவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இடப்பக்கம் ஏதோ குறையுது. எல்லாமே அந்தப் பக்கம் சாஞ்சு நிக்குது, அங்க யாரோ இருக்கிற மாதிரி. ஆனா அங்க ஒண்ணுமே இல்ல. இதைச் சட்டம் இல்லாம பார்க்கலாமா?"

சட்டக்காரர் ஒரு படத்தை எடுத்துக் கவிழ்த்து, ஆணிகளைப் பிடுங்கினார். கண்ணாடியும் படமும் உட்காருவதற்காகச் சட்டத்தின் உட்புறம் ஒரு பள்ளம் எடுப்பார்கள்; அதைக் காடி என்பார்கள். எந்தப் படமானாலும் அதன் ஓரத்தில் ஒரு சிறிதளவைக் காடி தின்றுவிடும். தின்னாவிட்டால் படம் நிற்காது. அளவுக் குறிகள், பசைக் கறை, கைபட்ட அழுக்கு எல்லாவற்றையும் அந்த ஓரத்தில்தான் விடுவார்கள். ஆகவே சட்டம் போடுபவர் எவரும் ஓரத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காதிருப்பதே அந்தத் தொழிலின் பயிற்சி.

படம் வெளியே வந்தது. இடப்பக்க ஓரத்தில், காடிக்குள் மறைந்திருந்த இடத்தில், சிவப்புப் பென்சிலால் சிறியதாக ஒரு கோடு இருந்தது.

"இது உங்க அளவுக்குறியா, ஐயா?"

ஆம் என்று சட்டக்காரர் வாய் சொல்லிவிட்டது. ஒட்டி முடித்த படத்தை அவளிடமிருந்து வாங்கிய ஒவ்வொரு முறையும் அவர் அதைக் கண்டிருந்தார். தம் குறி என்றே எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. அவர் போடும் குறி எப்போதும் படுத்த கோடாக இருக்கும். அது அவர் முறை. இது நின்ற கோடு.

மற்றப் படங்களையும் அவர் கழற்றினார். அம்மையார் ஒவ்வொன்றாக வாங்கி, செய்யப்பட்ட வரிசையிலேயே மேசைமேல் பரப்பினார். எல்லாவற்றிலும் அந்தக் கோடு நின்றது. முதற்படத்தில் இடப்பக்கத்தின் அடிமூலையில் நின்றது. அடுத்ததில் சற்று மேலே. அதற்கடுத்ததில் இன்னும் மேலே. விளிம்பைவிட்டு உள்ளே வரவேயில்லை. விளிம்போடு ஒட்டிக்கொண்டே ஒருவர் மெல்ல நடந்துபோவதைப் போல இருந்தது. சாம்பலைத் தாண்டினார்; மஞ்சளின் பக்கவாட்டுக்கு வந்தார். கறுப்புத் துண்டோ அவரை எதிர்பார்த்து ஒவ்வொரு படத்திலும் விரிந்துகொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவேயில்லை.

"இப்ப சமன் வந்துருச்சு," என்றார் அம்மையார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார், குளிர்காலம் அல்ல.

சட்டக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. மாதிரிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருக்கும் சாம்பல், இந்தக் கடை. மேலே இருக்கும் மஞ்சள், வீடு. நீலச் சதுரம், அவள் மெத்தை. விளிம்பு, சந்து. இத்தனையையும் இத்தனை நாள் அவரால் படிக்க முடியாமற்போனதற்குக் காரணம், அந்தக் கறுப்புத் துண்டுக்கு அவர் மனத்தில் இடமில்லாததுதான். அதை அவரே வெள்ளையடித்து இல்லையென்று ஆக்கியிருந்தார். காதிடுக்கில் சிவப்புப் பென்சிலோடு விளிம்பு வழியே வருபவர் கடைக்காரர். கறுப்பு வழியே வருபவர்தான் வீட்டுக்காரர். அந்த வழியில் எவரும் வரவில்லை.

அம்மையாரை அனுப்பிவிட்டு, அவர் பூட்டுக்காரரைக் கூப்பிட்டார். வெள்ளைப் பூச்சு கதவையும் நிலையையும் ஒன்றாக இறுக்கியிருந்தது, பூட்டு துருவேறியிருந்தது. இருவருமாகப் பலகையை நகர்த்தினார்கள். பூட்டுக்காரர் கம்பியை நுழைத்துத் திருகிக்கொண்டே, "சொந்த வீட்டுக்கே கன்னம் வைக்கிறீங்களே, சட்டக்காரரே, இது எந்தச் சட்டத்துல வருது?" என்று கேட்டார். சட்டக்காரர் சிரிக்க மறந்தது அந்த ஒருமுறைதான். பூட்டு விட்டது. பூட்டுக்காரர் ஏதோ புரிந்தவரைப் போல, கதவைத் தள்ளாமலே கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்.

சட்டக்காரர் மாலைக்காகக் காத்திருந்தார். ஷட்டரை இறக்கினார், விளக்கை அணைத்தார், காதிலிருந்து பென்சிலை எடுத்து, மேற்கட்டையில் வைக்கக் கையை உயர்த்தினார். அங்கே ஏற்கெனவே ஒரு பென்சில் இருந்தது. கதவைப் பூட்டிய நாளுக்கு முந்திய மாலையில் அவரே வைத்தது. மாதிரிப் பலகைக்குப் பின்னால் மறந்துபோயிருந்தது. மேற்கட்டை முழுதும் தூசு கனமாகப் படிந்திருந்தது. பென்சிலின்மேல் தூசு இல்லை. யாரோ தினமும் எடுத்து வைத்ததைப் போல அது வழவழப்பாக இருந்தது.

தம் பென்சிலை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார். வெள்ளைச் சுவர் செங்குத்தாகப் பிளந்து கறுப்பாகத் திறந்தது.

அவள் நீல மெத்தையில் அமர்ந்து நேராக அவரைப் பார்த்தாள். எழுந்து நிற்கவில்லை. தலைப்பைச் சரிசெய்யவில்லை.

"வந்துட்டீங்களா? ஏங்க இவ்வளவு நேரம்?"

சட்டக்காரர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். வேலை என்று ஏதோ சொன்னார். அவள் பக்கத்தில் இருந்த முக்காலியைத் தட்டி, உட்காரச் சொன்னாள். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தன் விரலாலேயே தட்டிவிட்டாள். மெலிந்துவிட்டீர்கள் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் காத்திருந்தது எல்லாம் அதில் வந்து சேர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம். அவள் அவர் தோளுக்கு மேலே, திறந்திருந்த கதவுக்கு அப்பால் பார்த்தாள்.

"பாவம், கடைக்காரர் இன்னும் அங்கேயே நிக்கிறாரே. நீங்க வந்துட்டீங்கன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். விளக்கில்லாத கடை; மேசை; சாய்ந்து நின்ற கண்ணாடித் தகடுகள். தகடுகளில் ஒரு மனிதர் நிற்பது தெரிந்தது. அது தம் பிம்பம்தான் என்று சட்டக்காரர் தமக்குச் சொல்லிக்கொண்டார். தாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. அதன் காதில் பென்சில் இருக்கிறதா என்று பார்க்கும் துணிவு வருவதற்குள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டார்.

"கடைக்காரர் போயிட்டாரு," என்றார், பழைய வேடிக்கையின் குரலில்.

அவள் சிரித்தாள். ஏறத்தாழ மூன்றாண்டுக்குப் பிறகு வந்த அந்தச் சிரிப்பை அவரால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. அவர் காது சுவரின் மறுபக்கத்தில் இருந்தது.

மகள் வந்து பார்த்துவிட்டு அழுதாள். அம்மாவுக்கு நினைவு திரும்பிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னாள். கண்ணாடித் தகடுகளை அவர் உயரப் பரணில் ஏற்றிவிட்டதால், கதவு திறந்திருப்பதற்கு அவளும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் மாலையில் விளக்கை அணைக்கும் தறுவாயில் அப்பா வெறும் கடையைப் பார்த்து, "நான் உள்ள போறேன்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, யாரிடம் பேசுகிறீர்கள் என்று விசாரித்தாள். பழக்கம் என்றார் சட்டக்காரர். எப்போதிருந்து என்று அவள் கேட்கவில்லை.

மனைவி அடுத்த படத்தை ஒட்டினாள். அதில் கறுப்புத் துண்டு பழைய சிறிய அளவுக்கு ஒடுங்கியிருந்தது. சிவப்புக் கோடு விளிம்பைவிட்டு உள்ளே வந்து, நீலச் சதுரத்தை ஒட்டி நின்றது. அதைக் கண்டு அவர் நெஞ்சு நிறைந்தது. பிறகுதான் கீழே பார்த்தார். சாம்பலின் நடுவே, அவர் மேசை இருக்கும் இடத்தில், இன்னொரு சிவப்புக் கோடு நின்றது.

அந்தப் படத்துக்கு அவர் சட்டம் போடவில்லை. ஓவியக்கூடத்து அம்மையார் பிறகு தம் கூடத்தில் மாட்டக் கேட்டபடி ஓரம் மறையாமல், வெறும் பலகையில் ஒட்டிக் கொடுப்பதென்று தீர்மானித்து, மேசையில் வைத்திருந்தார். மறுநாள் காலை ஷட்டரை ஏற்றியபோது படம் சட்டத்துக்குள் இருந்தது. மூலைகள் மயிரிழையும் தெரியாமல் பொருந்தியிருந்தன, கண்ணாடி துடைத்திருந்தது. தம் கைவேலை என்பதில் அவருக்கு ஐயமேயில்லை. செய்ததாக மட்டும் நினைவில்லை. எழுபதைத் தொட்ட மனிதர். மறதி என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. அப்படியே வைத்துக்கொண்டார். அன்றுமுதல் வீட்டிலிருந்து கடைக்குள் நுழையும் முன் கதவை ஒருமுறை தட்டலானார்.

பூட்டுக்காரர் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். சாயங்காலம் ஷட்டர் இடுக்கு வழியாகக் கூப்பிட்டால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லையாம். வயசான காலத்தில் இருட்டில் குனிந்துகொண்டு அப்படி என்ன வேலையாம். அந்த வேளையில் தாம் வீட்டுக்குள் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைச் சட்டக்காரர் சொல்லவில்லை. "காது சரியா கேக்கலை," என்றார். "பென்சிலை எடுத்துட்டுக் கேளுங்க, கேக்கும்" என்றார் பூட்டுக்காரர்.

ஒரு பிற்பகல் துணிந்து மனைவியிடமே கேட்டார். அவள் வயிறுகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைக்காரர் யாரு?"

"தெரியாதா உங்களுக்கு? நல்ல மனுஷங்க. நீங்க இல்லாதப்போ அவருதான் என்னைப் பார்த்துக்கிட்டாரு. தல வாரிவிடுவாரு, பாவம். இப்ப உள்ள கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறாரு."

"ஏன் வரமாட்டேங்கிறாரு?"

"நீங்கதான் இருக்கீங்களே."

அதற்குப் பிறகு சட்டக்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாலைகளில் அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்; அவள் பேசினாள், சிரித்தாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டியது கிடைத்தவரின் முகம்தான் அவருக்கு இருந்தது. சில வேளைகளில் மட்டும், தம்மைக் கொஞ்சம் அந்தப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தவரைப் போல, பேச்சின் நடுவே சுவரைப் பார்ப்பார். சுவரின் மறுபக்கத்தில் சின்ன ஆணியடிக்கும் சத்தம் கேட்பதுண்டு. அவளுக்கும் அது கேட்டது; அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்காரர் இருக்கும்போது கடைச் சத்தம் ஒரு பொருட்டா?

படங்கள் தொடர்ந்து வந்தன. நீலத்தருகே ஒன்றும் சாம்பலில் ஒன்றுமாக இரண்டு கோடுகளும் அசையாமல் நின்றன. 2018இல் ஒரு படத்தில் சாம்பலின் கோடு நகர்ந்தது. அடுத்ததில் அது விளிம்பில் இருந்தது. காடி தின்னும் இடத்தில், அடிமூலையில், முதற்படத்தில் நின்ற அதே இடத்தில், தெருவைப் பார்த்து நின்றது. அதற்கப்பால் அட்டை இல்லை.

ஓரிரு நாள் கழித்து ஒரு மாலையில் சட்டக்காரர் விளக்கை அணைத்து, நான் உள்ளே போகிறேன் என்று சொல்லிவிட்டு, மேற்கட்டையில் கை வைத்தார். பழைய பென்சிலைக் காணவில்லை. தூசு படியாத மெல்லிய தடம் மட்டும் இருந்தது. தம் பென்சிலை அந்தத் தடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"கடைக்காரர் இன்னைக்கு முன்னாடியே கெளம்பிட்டாருங்க," என்றாள் மனைவி. "சந்து வழியாப் போனாரு. சொல்லிட்டுத்தான் போனாரு."

"என்ன சொன்னாரு?"

"நீங்க பின்னாடியே வருவீங்கன்னாரு."

சட்டக்காரர் நின்றபடியே இருந்தார். சுவரின் மறுபக்கத்தில் சத்தம் எதுவும் இல்லை. பல நாளுக்குப் பிறகு அந்தக் கடை வெறுங்கடையாக இருந்தது. அவள் முக்காலியைத் தட்டினாள்.

"போகட்டும். உக்காருங்க."

"இரு, வர்றேன். கதவு திறந்து கெடக்கு," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப்போய் நடுக்கதவைத் தாழிட்டார். அது 2018 ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை. மறுநாள் ஷட்டர் ஏறவில்லை.